இளம் ஆண் மானை விட்டுவைப்பது எப்படி: வெண்வால் மான் வேட்டைக்கு ஒரு வழிகாட்டி

நவம்பர் மாதத்து விடியலில், உறைபனி படிந்த ஓக் மரத்துப் பரணில் உட்கார்ந்திருக்கும் வேட்டைக்காரரின் முன்னால் முதலில் வந்து நிற்கும் ஆண் மான் பெரும்பாலும் ஒன்றரை வயதுடையதாகவே இருக்கும். அந்த வயதில் அதற்கு அனுபவம் குறைவு, அலைச்சல் அதிகம். தாயை விட்டுப் பிரிந்து புது இடம் தேடிக்கொண்டிருப்பதால் பட்டப்பகலில் திறந்த வெளியைக் கடக்கவும் அது தயங்காது. அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டு வேட்டையாடப்பட்ட கொம்புள்ள ஆண் வெண்வால் மான்களில் 62 சதவீதம் இந்த ஒன்றரை வயதுக்காரர்கள்தான். அண்மைக் காலத்தில் அந்தப் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. சில மாநிலங்களின் சட்டம் இதற்குக் காரணம் என்றாலும், சுடுவதற்கு உரிமம் கையில் இருந்தும் விசையிலிருந்து விரலை எடுத்துக்கொண்ட வேட்டைக்காரர்களின் பங்கு அதைவிடப் பெரிது என்பது என் எண்ணம்.

பழந்தமிழில் ஆண் மானுக்குக் கலை என்றும் பெண் மானுக்குப் பிணை என்றும் பெயர். 'இளங்கலை' என்று எழுதினால் படிப்பவருக்குக் கல்லூரிப் பட்டம் நினைவுக்கு வந்துவிடும் என்பதால், இளம் ஆண் மான் என்றே இங்கு எழுதுகிறேன்.

விட்டுவைப்பது என்றால் சும்மா இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. அந்த வேலையின் முக்கால் பங்கு, மானின் தலையை விட்டு உடலைப் பார்க்கப் பழகுவதில் அடங்கியிருக்கிறது. கொம்பைப் பார்த்து முடிவெடுப்பவர் நல்ல இளம் மானைக் கொன்றுவிடுவார். வயதைப் பார்த்து முடிவெடுப்பவருக்கு அந்தத் தவறு அரிதாகவே நேரும்.

வயதும் கொம்பும்

வட மாநிலங்களில் வெண்வால் மான்கள் நவம்பர் நடுவில் இணைசேர்கின்றன. சுமார் 200 நாள் சினைக்காலம் முடிந்து, மே மாதக் கடைசியிலும் ஜூனிலும் குட்டிகள் பிறக்கின்றன. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ஆண் குட்டியின் நெற்றியில் தோலுக்கு அடியில் இரண்டு புடைப்புகள் மட்டும் இருக்கும். அடுத்த வசந்தத்தில்தான் முதல் கொம்பு முளைக்கும். மாட்டுக் கொம்பைப் போல இது நிலையானதன்று. ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் உதிர்ந்து, வசந்தத்தில் பகல் நீளும்போது மறுபடி முளைத்து, கோடை முழுவதும் மெல்லிய மயிர்த்தோலுக்குள் வளர்ந்து, ஆகஸ்டு கடைசியிலோ செப்டம்பரிலோ தோல் உரிந்து கெட்டிப்படும். எனவே, ஒரு மானின் வயதைச் சொல்லும்போது வேட்டைப் பருவத்தில் அது ஒன்றரை, இரண்டரை, மூன்றரை என்றே கணக்கு வரும்.

ஒன்றரை வயதில் தின்னும் தீனியின் சத்தெல்லாம் எலும்பும் தசையும் வளர்வதற்கே செலவாகிவிடுகிறது. கொம்புக்குப் போவது மிச்சம்தான். அதனால் முதல் கொம்பு, அந்த மான் பிற்காலத்தில் எட்டக்கூடிய அளவில் ஏறத்தாழக் கால் பங்குதான் இருக்கும். இரண்டரை வயதில் பாதியைச் சற்றுத் தாண்டும். மூன்றரை வயதில் முக்கால் பங்கை நெருங்கும். ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில்தான் உச்சம். கோடையில் கொம்பு வேகமாக வளரும்போது, உண்ணும் தீனியில் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து போதாமல், விலா எலும்புகளிலிருந்து கடன் வாங்கித்தான் மான் சமாளிக்கிறது. உடம்பு வளர்ந்து முடிந்த மானுக்கே அந்தக் கடன் கட்டுபடியாகும். ஒன்றரை வயதில் அதன் கொம்பைப் பார்த்து "இது தேறாது" என்று தீர்ப்புச் சொல்வது, ஒன்றாம் வகுப்புப் பையனின் கையெழுத்தைப் பார்த்து அவன் எதிர்காலத்தைச் சொல்வதைப் போன்றது.

இங்கே ஊசிக் கொம்பு பற்றி ஒரு வார்த்தை. கிளையே இல்லாமல் இரண்டு குச்சிகளாக நிற்கும் முதல் கொம்பைப் பார்த்து, அது மட்டமான வித்து, கொன்று கழிக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. தாமதமாகப் பிறந்தது, தாய்க்குத் தீனி சரியாகக் கிடைக்காதது, முதல் குளிர்காலம் கடுமையாக இருந்தது என்று பல காரணங்களால் அப்படி ஆகலாம். தெற்கு டெக்சாஸில் வேலியில்லாத பெரும் பண்ணையில் ஆண்டுக்கணக்காகக் கடுமையாகக் கழித்துப் பார்த்தும், மான் கூட்டத்தின் கொம்பு வளம் கூடவில்லை. வித்தில் பாதி தாயிடமிருந்து வருகிறது; தாய்க்குக் கொம்பே கிடையாது, எதை வைத்துக் கழிப்பது? ஊசிக் கொம்பன் கண்ணில் பட்டால் அதையும் விட்டுவிடுங்கள்.

உடலைப் படிப்பது

கொம்பை ஒரு நிமிடம் கையால் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். மீதி இருக்கும் உடல் ஒரு பெண் மானைப் போலத் தெரிந்தால், அது ஒன்றரை வயது. கால்கள் உடலுக்குப் பொருந்தாமல் நீண்டிருக்கும். கழுத்து மெலிந்து, தோளோடு சேரும் இடத்தில் தெளிவான கோடு தெரியும். முகம் கூர்மையாக இருக்கும். வயிறு ஒட்டி, இடுப்பு மெல்லியதாக இருக்கும். இணைசேரும் பருவத்தின் உச்சத்திலும் அதன் கழுத்து அவ்வளவாகப் பருப்பதில்லை.

இரண்டரை வயது மான்தான் வேட்டைக்காரரை ஏமாற்றும் மான். எட்டுக் கிளை இருக்கும். கொம்பு காதுக்கு வெளியே விரிந்திருக்கலாம். பார்த்தவுடன் நெஞ்சு படபடக்கும். ஆனால் உடலைக் கவனித்தால் கால் இன்னும் நீளமாகத்தான் தெரியும். தோள் சற்று நிறைந்திருக்கும், ஆனால் பின்தொடை மெலிந்திருக்கும். வயிற்றின் அடிக்கோடு நெஞ்சிலிருந்து இடுப்பை நோக்கி மேலே ஏறிப்போகும். இந்த வயதில் சுட்டுவிட்டு, கீழே இறங்கிப் போய்ப் பார்க்கும்போது, பரணிலிருந்து பார்த்த கொம்பு எங்கே போனது என்று திகைக்காத வேட்டைக்காரர் குறைவு. நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

மூன்றரை வயதில் மான் பந்தயக் குதிரையைப் போல இருக்கும். நெஞ்சு ஆழமாகி, பின்பகுதியைவிடப் பெரிதாகத் தெரியும், இணைசேரும் பருவத்தில் கழுத்து பருத்திருக்கும், ஆனால் கழுத்தும் தோளும் சேரும் இடம் இன்னும் பிரித்தறிய முடியும், இடுப்பு இறுகியிருக்கும். நான்கரை வயதில் அந்தக் கோடு மறைந்து, கழுத்து நேராக நெஞ்சுக்குள் இறங்கும். இடுப்பு நெஞ்சோடு சமமாகும். உடல் கனத்ததால் கால்கள் குட்டையாகிவிட்டதைப் போலத் தோன்றும். ஐந்தரையைத் தாண்டினால் தொந்தி தொங்கும், முதுகு சற்று வளையும், முகத்தோல் தளரும். பின்னங்கால் முட்டியின் உட்புறத்தில் இருக்கும் சுரப்பியையும் பாருங்கள்: ஆண் மான் அதன்மேல் சிறுநீர் கழித்துத் தேய்ப்பதால், பருவம் முற்றிய நாட்களில் முதிர்ந்த மானுக்கு அந்த இடம் கரிய நிறமாகி, கறை காலில் கீழே இறங்கியிருக்கும், இளம் மானுக்குச் சிறு பழுப்புத் திட்டாக நிற்கும்.

இந்தக் குறிகளையெல்லாம் நவம்பர் முதல் பாதியில் பார்த்துப் பழகுவதே நல்லது. செப்டம்பரில் எல்லா மானுக்கும் கழுத்து மெலிந்திருக்கும். டிசம்பரில் பருவத்து அலைச்சலால் முதிர்ந்த மானும் இளைத்து, ஒரு வயது குறைந்தாற்போலத் தெரியும். மயிர் சிலிர்த்த குளிர்நாளில் இரண்டரை வயது மான்கூடத் தடித்துத் தெரியலாம். முன்னால் நேராகப் பார்க்கும் மானையும், மேலேயிருந்து பார்க்கும் மானையும் எடைபோடாமல், பக்கவாட்டில் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும்.

பரணில் செய்ய வேண்டியது

முடிவைப் பரணில் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். "மூன்றரை வயதுக்குக் குறைந்ததைச் சுடுவதில்லை" என்றோ, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு "ஒன்றரை வயதை மட்டும் விட்டுவிடுவேன்" என்றோ, உங்களால் கடைப்பிடிக்க முடிந்த ஒரு கோட்டை வைத்துக்கொள்ளுங்கள். மான் எதிரே நிற்கும்போது யோசிக்கத் தொடங்கினால், முடிவை இதயத்துடிப்பு எடுத்துவிடும்.

முதலில் கையில் எடுப்பது தொலைநோக்கியாக இருக்கட்டும். துப்பாக்கியில் பொருத்திய தொலைநோக்கியால் மானை ஆராய்வது பாதுகாப்புக்கும் கேடு, முடிவுக்கும் கேடு. துப்பாக்கி தோளில் ஏறிவிட்டால் சுடுவதற்குக் காரணங்கள் தானாக வந்து சேரும். கால், வயிறு, கழுத்து, பிறகே கொம்பு என்ற வரிசையில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் விடை 'இல்லை' என்பதுதான். விட்டுவிட்ட மானைக் கைப்பேசியில் படம் எடுத்து, நாளும் இடமும் காற்றின் திசையும் குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு அதே மான் வந்தால் உங்கள் கண் எவ்வளவு சரி என்பது தெரிந்துவிடும்.

கொம்பில்லாத மானைச் சுடும்போதுதான் இளம் ஆண் மான்கள் கவனக்குறைவால் சாகின்றன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆறு மாத ஆண் குட்டிக்குக் கொம்பு கிடையாது. தூரத்தில் பார்த்தால் சிறிய பெண் மானைப் போலவே இருக்கும். மாலையில் வயல் ஓரத்துக்குத் தனியாக, மற்றவற்றுக்கு முன்பே, அஞ்சாமல் வரும் கொம்பில்லாத மான் பெரும்பாலும் இந்தக் குட்டிதான். வளர்ந்த பெண் மானின் உடல் பக்கவாட்டில் செவ்வகமாகவும் கழுத்து நீண்டும் இருக்கும். குட்டியின் உடல் சதுரமாகவும் மூக்கு குட்டையாகவும் இருக்கும். காதுகளுக்கு நடுவே தலை உருண்டிருந்தால் பெண், தட்டையாகத் தெரிந்தால் ஆண் என்பது இன்னொரு குறி. பக்கத்தில் இன்னொரு மான் வந்து நிற்கும் வரை காத்திருந்து, இரண்டில் பெரியதைத் தேர்ந்தெடுத்தால் தவறு குறையும். வெளிச்சம் மங்கிய கடைசிப் பத்து நிமிடத்தில் இந்தத் தேர்வைச் செய்ய முயலாதீர்கள்.

கிளை எண்ணும் சட்டங்கள்

பென்சில்வேனியாவில் 2002க்கு முன்பு, வேட்டையாடப்பட்ட ஆண் மான்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ஒன்றரை வயதுடையவை. கரடி ஆய்வாளராகப் பெயர்பெற்றிருந்த கேரி ஆல்ட் என்ற உயிரியலாளர், மான் பிரிவின் பொறுப்பேற்று, ஊர் ஊராகச் சென்று கூட்டம் போட்டு, கடும் எதிர்ப்புக்கு இடையே மாநிலத்தை வேறு வழிக்குத் திருப்பினார். பெரும்பாலான பகுதிகளில் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது மூன்று கிளையும், மேற்குப் பகுதியில் நான்கு கிளையும் இருந்தால்தான் சுடலாம் என்ற சட்டம் 2002இல் வந்தது. அங்கு ஒன்றரை வயது மான்கள் பலவற்றுக்கு அவ்வளவு கிளை இராது என்பதால் சட்டம் தன் வேலையைச் செய்தது; இன்று அங்கு எடுக்கப்படும் ஆண் மான்களில் பாதிக்கு மேல் இரண்டரை வயதும் அதற்கு மேலும். சிறுவர்களுக்கு மட்டும் அங்கே விலக்கு உண்டு, அது நியாயம்தான்.

மிசிசிப்பியில் கதை வேறு. 1995இல் அந்த மாநிலம் இரண்டு கொம்பும் சேர்ந்து நான்கு கிளை இருக்க வேண்டும் என்று மாநிலம் முழுவதற்கும் விதி செய்தது. வளமான மண்ணில், நன்றாக வளர்ந்த ஒன்றரை வயது மானுக்கு நான்கு கிளை எளிதில் வந்துவிடுகிறது. விளைவு என்னவென்றால், அந்த வயதில் சிறந்தவை சுடப்பட்டன, பின்தங்கியவை சட்டத்தின் பாதுகாப்பில் வளர்ந்தன. சில பகுதிகளில் முதிர்ந்த மான்களின் கொம்பளவு குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். 2009இல் மாநிலம் கிளை எண்ணுவதைக் கைவிட்டு, கொம்பின் உள்விரிவையும் (இரு கொம்புத் தண்டுகளுக்கு இடையே உள்ள அகலம்) தண்டின் நீளத்தையும் அளவாகக் கொண்டது. டெக்சாஸ் 2002இல் ஆறு மாவட்டங்களில் 13 அங்குல உள்விரிவு என்ற விதியைச் சோதித்து, பிறகு பல மாவட்டங்களுக்கு விரிவாக்கியது. காது விடைத்து நிற்கும்போது அப்பகுதி மானின் இரு காது நுனிகளுக்கு இடையே ஏறத்தாழ 13 அங்குலம் இருக்கும். கொம்பு காதுக்கு வெளியே தெரிந்தால் சுடலாம் என்று எவருக்கும் புரியும்படி அந்த விதி அமைந்தது. வடக்கே மான் பெரிது, காதிடை அகலமும் பெரிது; டெக்சாஸ் அளவை அங்கே கொண்டுபோய் வைக்கக் கூடாது.

ஓஹியோவிலும் கென்டக்கியிலும் வேறு வழி: ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு கொம்பு மான். ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் மனிதர் தானாகவே பொறுமையாகிவிடுகிறார். நீங்கள் வேட்டையாடும் மாநிலத்தின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டே இதையெல்லாம் தொடங்குங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடவும் செய்யும்.

பக்கத்து நிலத்துக்காரர்

நாற்பது ஏக்கர் வைத்திருப்பவர் ஒருவர் எட்டு இளம் மான்களை விட்டுவிட்டு, அடுத்த ஆண்டு ஒன்றையும் காணாமல் மனம் வெறுத்துப்போவதுண்டு. ஆண் மான்களில் பாதிக்கும் மேல் தாம் பிறந்த இடத்தை விட்டு, ஒரு வயதிலோ ஒன்றரை வயதிலோ பல மைல் தள்ளிப்போய் நிலைகொள்கின்றன. நெருங்கிய உறவுக்குள் இணைசேராமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. நிலைகொண்ட பிறகும் ஒரு முதிர்ந்த ஆண் மானின் உலாவிடம் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், அல்லது அதற்கும் மேல் இருக்கும். உங்கள் நாற்பது ஏக்கர் அதற்கு வீட்டின் ஒரு அறை போன்றது. நீங்கள் விட்ட மான் வேறொருவரிடம் போகும். வேறொருவர் விட்டதுதான் உங்களிடம் வரும்.

ஆகவே, பரணுக்கு அடுத்தபடி முக்கியமான இடம் பக்கத்து வீட்டுச் சமையலறை மேசை. மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் சேர்ந்து கூட்டாக மான் பேணும் குழுக்கள் வைத்திருக்கிறார்கள். வேலியோ வரப்போ தேவையில்லை; அவரவர் நிலம் அவரவரிடமே இருக்கும்; எந்த வயதை விட்டுவைப்பது, எத்தனை பெண் மான் எடுப்பது என்பதில் மட்டும் உடன்பாடு. முதல் சந்திப்பில் விதிகளை அச்சடித்துக்கொண்டு போகாதீர்கள். தானியங்கிக் கேமராவில் பதிந்த படங்களைக் கொண்டுபோங்கள். "இந்த மான் உங்கள் பக்கமும் வருகிறதா?" என்ற கேள்வியில் தொடங்கும் பேச்சு, அறிவுரையில் தொடங்கும் பேச்சைவிட நீண்ட தூரம் போகும்.

இரண்டு பேர் எப்போதும் ஒத்துவரமாட்டார்கள். ஒருவர் ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டும் விடுப்பு எடுத்து, குளிர்பதனப் பெட்டி நிறைய இறைச்சி வேண்டும் என்று வருபவர். அவர் ஒன்றரை வயது மானைச் சுட்டால் அது சட்டப்படி சரியே, அவருடைய மகிழ்ச்சியைக் கெடுப்பது அநாகரிகம். முதல் மானைத் தேடும் பன்னிரண்டு வயதுச் சிறுமி இன்னொருவர். அவளிடம் வயதுக் கணக்குப் பேசும் பெரியவர் வேட்டையின் அடுத்த தலைமுறையை இழந்துவிடுவார். விட்டுவைப்பது உங்கள் விருப்பம். அதை மற்றவர்மேல் சுமத்தினால் குழு ஒரே பருவத்தில் கலைந்துவிடும்.

பெண் மானும் தீனியும்

இளம் ஆண் மான்களை விட்டுவிட்டு, பெண் மான்களையும் சுடாமல் இருந்தால், நான்கு ஆண்டில் காடு மொட்டையாகும். தரையிலிருந்து நான்கு, ஐந்து அடி உயரம் வரை இலையெல்லாம் கத்தரித்தாற்போல ஒரே மட்டத்தில் காலியாக இருந்தால், மான் அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள். இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், காட்டுத் தரையில் நான்கடிச் சதுரத்துக்குக் கம்பிவலைக் கூண்டு ஒன்று அடித்து வையுங்கள். இரண்டு கோடை கழித்து, கூண்டுக்குள் ஓக் கன்றும் காட்டுச் செடிகளும் நிற்க, வெளியே பெரணி மட்டும் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. பசித்த நிலத்தில் ஐந்து வயது மானுக்கும் கொம்பு வராது. பெண் மானுக்கான அனுமதிச் சீட்டுகளை வாங்கி, வேட்டைப் பருவத்தின் தொடக்கத்திலேயே பயன்படுத்திவிடுவது நல்லது. வீட்டுக்குத் தேவையானதற்கு மேல் கிடைத்தால், பல மாநிலங்களில் உணவு வங்கிகளுக்கு மான் இறைச்சி கொடுக்கும் ஏற்பாடுகள் இருக்கின்றன.

தீனி என்றவுடன் விதைப் பைகளை நோக்கி ஓடாதீர்கள். நிழல் அடர்ந்த காட்டில் பயனற்ற மரங்களைச் சில இடங்களில் வெட்டி வெயிலைத் தரைக்கு விட்டால், அடுத்த கோடையிலேயே மானுக்கு எட்டும் உயரத்தில் தழை பெருகும். செலவுக்கு ஏற்ற பலன் அதில்தான் அதிகம். வெள்ளை ஓக் மரங்களைச் சுற்றி நெருக்கும் மரங்களை எடுத்தால் கொட்டை நன்றாகக் காய்க்கும். அதற்குப் பிறகு ஓரிரு ஏக்கரில் குளோவர், சிக்கரி போன்ற தீவனச் செடிகளை விதைக்கலாம். கொம்பும் உடலும் வளரும் மாதங்களில் தீனியில் சுமார் 16 சதவீதம் புரதம் இருப்பது நல்லது, குளோவர் அதை எளிதில் தரும். மண்ணைச் சோதித்துச் சுண்ணாம்பு இடாமல் விதைத்தால் பணம் வீண். நிலத்தில் ஒரு பகுதிக்கு, ஆண்டு முழுவதும் நீங்களே காலெடுத்து வைக்காதீர்கள். வேட்டைப் பருவத்தில் மனித வாடை இல்லாத ஒரு மூலை இருந்தால், வயதான மான் அங்கேதான் பகலைக் கழிக்கும்.

கணக்கு வைப்பது

கோடைக் கடைசியில், இரை வைப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடமானால், நூறு ஏக்கருக்கு ஒரு தானியங்கிக் கேமரா வீதம் இரைக்கு எதிரே வைத்து, இரண்டு வாரம் ஓடவிடுவது வழக்கமான கணக்கெடுப்பு. ஆண் மான்களைக் கொம்பின் வடிவத்தால் ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். படங்களில் பெண் மானும் குட்டியும் தோன்றும் விகிதத்தை அதனோடு பொருத்தினால், கூட்டத்தின் அமைப்பு ஓரளவு தெரிந்துவிடும். இரை வைக்க முடியாத இடத்தில் பாதைகளில் வைத்தாலும் போதும். எண்ணிக்கை துல்லியமாக இராது, ஆனால் எந்த மான் உயிரோடு இருக்கிறது என்பது தெரியும்.

சுட்ட ஒவ்வொரு மானின் கீழ்த்தாடையையும் எடுத்து வையுங்கள். கன்னத்துப் பற்களில் முன்னாலிருந்து மூன்றாவதைப் பாருங்கள்: அதற்கு மூன்று முகடுகள் இருந்தால் அது பால்பல், மான் ஒன்றரை வயது அல்லது அதற்குக் கீழ், பழைய பல் விழுந்து இரண்டு முகடுள்ள புதுப் பல் வெண்மையாக எட்டிப் பார்த்தால் ஒன்றரை வயது நிறைந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு பல்லின் வெண்ணிற எனாமலுக்கும் உள்ளே இருக்கும் பழுப்புப் பகுதிக்கும் உள்ள அகல வேறுபாட்டை வைத்துத் தேய்மானத்தைக் கணிக்க வேண்டும். இந்த முறையை 1949இல் நியூயார்க்கைச் சேர்ந்த செவரிங்ஹாஸ் என்ற உயிரியலாளர் வகுத்துத் தந்தார். மண் கலந்த தீனி தின்னும் பகுதிகளில் பல் விரைவாகத் தேயும் என்பதால், நான்கரைக்கு மேல் அது தோராயம்தான்; துல்லியம் வேண்டுமென்றால் முன்பல்லைக் குறுக்கே அறுத்து, மரத்தில் வளையம் எண்ணுவதைப் போல வேர்ப்படலத்தை எண்ணும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

இளைப்பு நோய் உள்ள பகுதிகளில்

1967இல் கொலராடோவின் ஆய்வுக்கூடத்து மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்ட நாட்பட்ட இளைப்பு நோய், 2002இல் விஸ்கான்சினிலும் கண்டறியப்பட்டது. இன்று மேலும் பல மாநிலங்களில் இருக்கிறது. உருக்குலைந்த புரதத்தால் வரும் இந்த நோய்க்கு மருந்தில்லை. அந்தப் புரதம் மண்ணிலும் பல ஆண்டுகள் தங்கும். முதிர்ந்த ஆண் மான்கள் பல இடங்களில் அலைந்து பல மான்களோடு உரசுவதால், பெண் மான்களைவிட அவற்றிடம் நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே, நோய் பரவிய மாவட்டத்தில் எல்லா ஆண் மான்களையும் வயதாகும் வரை விட்டுவைப்பது நோய்க்குத் துணைபோவதாகலாம். மிசௌரி அத்தகைய மாவட்டங்களில் கிளை எண்ணும் விதியையே விலக்கிவிட்டது. நீங்கள் அங்கே வேட்டையாடுகிறீர்கள் என்றால், மாநிலம் சொல்வதைக் கேளுங்கள், இரை வைக்காதீர்கள், சுட்ட ஒவ்வொரு மானின் தலையையும் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும் வரை இறைச்சியைத் தனியே வையுங்கள். நோய் இருப்பதாக முடிவு வந்தால் உண்ண வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை.

எவ்வளவு நாள் ஆகும்

முதல் ஆண்டில் பரணிலிருந்து நிறைய இளம் மான்கள் தெரியும். இரண்டாம் ஆண்டில் அவற்றில் சில காணாமல் போயிருக்கும். சாலையில் அடிபடுவதும், கடுங்குளிரும், ஓநாயும், பருவத்துச் சண்டையும் உங்கள் உடன்பாட்டில் கையெழுத்துப் போடவில்லை. விட்ட மானெல்லாம் வளர்ந்து திரும்பும் என்று எண்ண வேண்டாம். மூன்றாம் பருவத்தில்தான் பழக்கமில்லாத அடையாளங்கள் காட்டில் தென்படத் தொடங்கும்: கொம்போடு கொம்பு மோதும் சத்தம், இரவில் உரசப்பட்ட கணுக்கால் பருமன் மரம், விடியலில் பெண் மானைத் துரத்தும் தடித்த உறுமல்.

மேற்கு விஸ்கான்சினில் நாங்கள் ஐந்து குடும்பத்தார் வேட்டையாடும் மேட்டுச்சரிவில், கொட்டகையின் சுவரில் ஒரு நீளமான கம்பி கட்டியிருக்கிறோம். அதில் ஆண்டு வாரியாகத் தாடையெலும்புகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் தேதியும் எடையும் சுட்ட இடமும் எழுதிய அட்டை. முதல் ஆண்டின் ஏழு தாடையில் ஐந்தில் மூன்று முகடுள்ள பால்பல் இருக்கிறது. சென்ற பருவத்தின் நான்கில் ஒன்றில்தான் அது இருக்கிறது, அதுவும் பக்கத்து நிலத்துச் சிறுமியின் முதல் மான். அவளுடைய அட்டையில் எடைக்குப் பக்கத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கிறாள்: "அடுத்த ஆண்டு காத்திருப்பேன், ஒருவேளை."